துணி பத்தலைன்னு சொல்லிரு

தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீகளே? இந்தச் சட்டைத் துணி எங்க எடுத்தீக?

நகர வேண்டாம், நகர வேண்டாம், எனக்கு இடம் போதும். மதுரைல ஏறுனதுல இருந்து உங்க சட்டையவே பாத்துக்கிட்டு வாரேன். ஏதோ பைத்தியம் பக்கத்துல வந்து உக்காந்துட்டான்னு நினைச்சிருப்பீக. வண்டி குலுங்கும்போது ஒருதரம் கையை உங்க மேல போட்டேன்ல, அது வண்டி குலுங்குனதால இல்ல. வேணும்னுதான் தொட்டுப் பாத்தேன். அதே துணிதான். நீலத்துல சாம்பல் கட்டம், கைத்தறி, நடுநடுவுல நூல் முடிச்சு விரல்ல நெருடுது. என் சட்டையப் பாருங்க. அச்சு அசல் ஒண்ணு இல்ல? கண்டக்டர் கூட நம்மளப் பாத்து "அப்பாவுக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்துருவமா?"ன்னு உங்ககிட்ட கேட்டாரே.

இந்தத் துணியத் தேடித்தான் காலைல இருந்து மதுரையச் சல்லடை போட்டுச் சலிச்சுட்டு வாரேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை பாக்கி இல்ல. எல்லாரும் கையை விரிச்சுட்டாக. பொருட்காட்சியில எடுத்ததா? எந்த ஊர்க்காரன் கடைன்னு தெரியாதா? அட, சரி விடுங்க. தச்சவன் யாருன்னும் தெரியல, தோள்ல ஒரு இழுப்பு இழுத்துட்டான். நீளத்தையும் கூடப் போட்டுட்டான், தொடை வரைக்கும் தொங்குது. அதைப் பெறகு பேசுவோம்.

நான் சாத்தூரு. பேரு தவசிலிங்கம். புஷ்பம் லேடீஸ் டெய்லர்னு பஸ் ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் வழி காட்டுவாக. இப்பக் கொஞ்ச நாளா சிரிச்சுக்கிட்டே காட்டுறாக. என்னத்துக்குச் சிரிக்கிறாகன்னுதான் சொல்லப்போறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

புஷ்பம்ங்கிறது என் வீட்டுக்காரி. தங்கபுஷ்பம். நான் தைப்பேன், அவ அளவெடுப்பா. பொம்பளைகளுக்கு நான் டேப்பு பிடிக்க முடியுமா? திரைக்கு அந்தப் பக்கம் நின்னு அவ அளவைச் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் நான் துணியில கோடு போட்டுக்கிட்டே வருவேன். எழுதி வைக்கிற பழக்கமே எங்க கடையில கிடையாது. எவளுக்குக் கை எவ்வளவு, எவளுக்குக் கழுத்து எவ்வளவு, எல்லாம் அவ தலைக்குள்ள இருந்துச்சு.

அந்தத் தலைதான் தம்பி இப்ப தையல் விட்டுப்போச்சு. மறதி வியாதின்னு டாக்டர் சொன்னாரு. மொதல்ல ரசத்துக்கு உப்புப் போட மறந்தா. பெறகு கோயிலுக்குப் போனா வீட்டுக்கு வர்ற வழி மறந்தா. பெறகு பெத்த மக பேரு. ஆனா கை மட்டும் சும்மா இருக்காது. எதையாவது பிடிச்சு நோண்டணும், உருவணும், பிரிக்கணும். பஸ்ல போனா முன் சீட்டுக்காரி முந்தானைக் குஞ்சத்தை ஒவ்வொண்ணா அவுத்துருவா. அந்தப் பொம்பளை திரும்பிப் பாத்தா, நான் ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கிற மாதிரி உக்காந்திருப்பேன். வேற என்ன செய்ய?

ஒருநாள் கல்யாண வீட்டு ஜாக்கெட்டு அத்தனையும் கொக்கி மாட்டி, தேய்ச்சு, மடிச்சு வச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா என் மகராசி நடுவுல உக்காந்திருக்கா. கை தனியா, முதுகு தனியா, பட்டி தனியா பிரிச்சு, அழகா அடுக்கி வச்சிருக்கா. ஒரு கிழிசல் இல்ல தம்பி, தையலை மட்டும் உருவியிருக்கா. அப்பவும் தொழில் சுத்தம் பாருங்க. அந்தப் பொண்ணு பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு மணவறையில உக்காந்துச்சு. பொண்ணைப் பெத்தவரு கடைக்கு வந்து பேசுன பேச்சை இங்க சொல்ல முடியாது. முன்னால பிள்ளைக இருக்கு.

என் மக தேன்மொழி கோயம்புத்தூர்ல இருக்கா. அவ காதுக்கு இது எப்படியோ போயிருச்சு. "அப்பா, அம்மாவை நான் கூட்டிட்டு வந்துர்றேன். இங்க இந்த மாதிரி ஆளுகளப் பாத்துக்கிடுறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு"ன்னா. "ஏன், நான் செத்தா போயிட்டேன்?"னேன். "அம்மா பாட்டுக்கு ரோட்டுல இறங்கிப் போனா நீங்க மெஷினை விட்டு எந்திரிப்பீகளா?"ன்னா. எந்திரிப்பேன், தம்பி. ஊசிய எறக்கி நிப்பாட்டிட்டுத்தானே எந்திரிக்கணும். அதுக்குள்ள கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். அதைப் போயி ஒரு குத்தமாச் சொல்றா.

ஆனா பிள்ளை ஒரு நல்ல காரியமும் செஞ்சா. போன்ல ஒரு படம் அனுப்புனா. இந்த மாதிரி ஆளுகளுக்கு வெளிநாட்டுல ஒரு விரிப்பு தச்சு மடியில போட்டு விடுறாகளாம். பலவிதமான ஒட்டுத்துணி, அதுல ஒரு ஜிப்பு, ரெண்டு பொத்தான், ஒரு நாடா, கோத்த பாசிமணி, சொரசொரன்னு ஒட்டிப் பிரிக்கிற பட்டி. கை அதைப் பிடிச்சு நோண்டிக்கிட்டே இருக்குமாம், மனசு அடங்கி உக்காந்திருக்குமாம். "பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை குடுக்கிற கணக்கா இருக்கே"ன்னேன். "நீங்க தச்சுத்தான் பாருங்களேம்ப்பா"ன்னா. தைக்கிறதுல என்னயப் பாத்து 'பாருங்களேன்'னா விடுவேனா? புஷ்பத்து மேல உள்ள பாசத்துல தச்சேன்னு நினைச்சிராதீக. கடை ஜாக்கெட்டக் காப்பாத்தணும்ல, அதுக்காகத் தச்சது.

துணிக்கு எங்க போறதுன்னு கேக்கிறீகளா? பரண் மேல ஒரு சாக்கு இருக்கு. வெட்டுத்துணிச் சாக்கு.

இங்கதான் ஊர்க்காரிக நியாயம் இல்லாமப் பேசுறாளுக. தம்பி, நகை செய்யக் குடுத்தா சேதாரம்னு பில்லுலயே போடுறாக, வாயத் தொறக்காம குடுத்துட்டு வாரீக. அரிசி அரைக்கக் குடுத்தா மில்லுல ஒட்டுனது மில்லுக்குத்தான். தையக்காரன் ஓரத்துல ஒரு சாண் துணி நின்னா அதைத் தூக்கி வச்சா மட்டும் களவா? குப்பையில போற துணி. ஆனா சில சமயம் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலா நிக்கும், நல்ல பட்டா இருக்கும், விட மனசு வராது. அப்பப் புஷ்பத்துகிட்ட "துணி பத்தலைன்னு சொல்லிரு, கை சின்னதா வச்சிருக்குன்னு சொல்லிரு"ம்பேன். அவளும் சொல்லிருவா. அதுல என்ன இருக்கு? அது எங்க தொழில் பாஷை.

அந்தச் சாக்கைக் கொட்டி, பட்டு, பூனம், வெல்வெட்டு, ஜரிகை, காட்டன்னு விரலுக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்படி கட்டம் கட்டமா வெட்டி, உள்ள பழைய கம்பளி வச்சு, சுத்தி நாலு பக்கமும் பைப்பிங் குடுத்துத் தச்சேன் பாருங்க, கல்யாணச் சீருக்கே வைக்கலாம். ஜிப்பு என்ன, வளையம் என்ன, பாசி என்ன! கொண்டு போய் அவ மடியில போட்டேன். ஜிப்பை ஒரு இழுப்பு இழுத்தா. "ஓட்டம் சரியில்ல, மாத்தித் தச்சுக் குடுங்க"ன்னுட்டு அதைத் தொடவே இல்ல. பாசியத் தொடல, பொத்தானத் தொடல. நான் பாடுபட்டு வச்சதை எல்லாம் விட்டுட்டு, வெறும் துணிய மட்டும் தடவிக்கிட்டு இருந்தா. ஆனா பிரிக்கல. ஒரு நூலை உருவல. அப்பாடான்னு நான் மெஷின்ல போய் உக்காந்தேன்.

மறுநாள் பலசரக்குக் கடை சண்முகக்கனி ஜாக்கெட்டு வாங்க வந்தா. புஷ்பம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கா, கண்ணு ரோட்டுல, விரலு மடியில. வந்தவளை யாருன்னே தெரியல. விரலு மட்டும் ஒரு கிளிப்பச்சைப் பட்டுல போய் நின்னுச்சு. உடனே வாயத் தொறக்கிறா: "சண்முகக்கனி. மக சடங்குக்கு எடுத்தது. முழங்கை வரைக்கும் கை வேணும்னா. துணி பத்தலைன்னு சொல்லச் சொன்னாரு."

கனி எதிர்ல நிக்கிறா தம்பி! கையில ஜாக்கெட்டு, வாயில வெத்தலை. எனக்குக் காலுக்குக் கீழ மெஷின் தானா நின்னுபோச்சு.

"இது என் பட்டுல்ல?"ன்னு விரிப்பைத் தூக்கிப் பாக்கிறா. "யோவ், அந்தச் சடங்குப் போட்டோவ நடு வீட்டுல மாட்டி வச்சிருக்கேன், வர்றவன் போறவன் எல்லாம் என் கையப் பாத்து அம்மிக் குழவியான்னு கேக்கிறான். துணி இருந்திருக்கு! முழங்கைக்குத் துணி இருந்திருக்கு!"ன்னு ஒரே கூப்பாடு. நான் சொன்னேன், "கனி, உன் கைக்கு நீளமா வச்சா இன்னும் பருமனாத் தெரியும், உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்"னு. அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. வெத்தலைச் சாறு என் கட்டிங் டேபிள் வரைக்கும் தெறிச்சுச்சு.

அந்தானைக்கு ஊரு பூரா பரவிப்போச்சு. ரேஷன்ல சீனி போடுறான்னு சொன்னாக் கூட இம்புட்டுக் கூட்டம் வராது. ஒவ்வொருத்தியா வந்து விரிப்பைப் பாக்கிறா, என் சேலை, என் ஜரிகைன்னு கட்டத்தைக் காட்டுறா. நான் "கடையில இதே மாதிரி ஆயிரம் துணி இருக்கும்மா"ன்னு சொல்லிச் சமாளிக்கப் பாப்பேன், இவ உக்காந்த இடத்துல இருந்து பேரைச் சொல்லிப் போட்டுக் குடுத்துருவா. பெத்த மக பேரை மறந்துட்டா, கஸ்டமர ஒருத்தியக்கூட மறக்கல. வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்ட கதையாப் போச்சு. அதுவும் பைப்பிங் வச்சுத் தச்சு விட்டேன்.

மீனலோசனி டீச்சர் வந்தாக. ரிட்டயர் ஆனவுக, அதிர்ந்து பேச மாட்டாக. அவுக மெரூன் பட்டுல விரலு பட்டதும் இவ கூட்டத்துக்கு நடுவுல சத்தமாச் சொல்றா: "டீச்சரம்மா. இடது தோள் எறக்கம். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அழுதாக. உள்ள பஞ்சு வச்சிருக்கேன், கவலைப்படாதீக." போச்சுடா, டீச்சர் போலீசுக்கே போயிருவாகன்னு நினைச்சேன். டீச்சர் முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு இவ கையப் பிடிச்சாக. "ஸ்கூல்ல ஒரு பிள்ளை என்னயக் கேலி பண்ணாம இருந்ததுக்குக் காரணம் இந்தக் கைதான்"னாக. பஞ்சு வச்ச விஷயம் எனக்கே தெரியாது தம்பி! என் கடையில, எனக்குத் தெரியாம, பஞ்சு! இன்னும் என்னென்ன செஞ்சாளோ, யாருக்குத் தெரியும்?

அதோட விட்டாளுகளா? எல்லாரும் சேந்து ஒரு தீர்ப்புச் சொன்னாளுக. "எங்க துணி இங்க இருக்கு. அது பத்திரமா இருக்கான்னு நாங்க தினம் வந்து பாப்போம்." அன்னைக்குப் பிடிச்சது சனியன். காலைல ஒருத்தி வாரா, மத்தியானம் ஒருத்தி வாரா. துணியப் பாக்க வந்தவ துணியப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே? இவளுக்குத் தலை சீவி விடுறா, சோறு ஊட்டுறா, கனி காராச்சேவைப் பொடிச்சு வாயில போடுறா, டீச்சர் கையப் பிடிச்சுத் தெரு முக்கு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறாக. கடையா சத்திரமான்னு தெரியல. எண்ணெய்க் கை பட்டு விரிப்புல கறை வேற. ஒரு சாண் துணிக்கு இப்படி ஒரு பழிவாங்கலான்னு எனக்கு மனசே விட்டுப்போச்சு.

இதுக்கு நடுவுல தேன்மொழி கார் எடுத்துக்கிட்டு வந்து இறங்குனா, அவுக அம்மாவைக் கூட்டிட்டுப் போக. உள்ள வந்தா, சுத்தி பொம்பளைக, நடுவுல இவ, விரலு ஒவ்வொரு கட்டமா ஓடுது, பேரு பேராச் சொல்றா, அவளுக சிரிக்கிறாளுக. ஒரு ரோஸ் பூனம் துணியில வந்து இவ விரலு நின்னுச்சு. "இது பாப்பா பாவாடை. தேனு. இடுப்புல நிக்காது, நாடா வைக்கணும்"னா. என் மக அப்படியே தரையில உக்காந்து அழுதா பாருங்க. பெறகு மூஞ்சியக் கழுவிட்டு வந்து, "அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா"ன்னுட்டா. அந்த இரைச்சல்ல பிள்ளைக்குத் தலைவலி வந்துருச்சு போல.

அதோட முடிஞ்சிருந்தா நான் எதுக்கு இன்னைக்கு மதுரைக்கு வாரேன்? கிளம்புறப்ப ஒரு பேச்சுச் சொல்லிட்டுப் போனா. "உங்களை அம்மாவுக்கு அடையாளம் தெரியிற வரைக்கும் இங்க இருக்கட்டும். உங்களைப் பாத்தே பயந்தாகன்னா நான் கேக்க மாட்டேன், கூட்டிட்டுப் போயிருவேன்." அவ சொன்னதுல தப்பு இல்ல. நான்தான் "உங்க அம்மாவுக்கா என்னயத் தெரியாது?"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

ஏன்னா நான் மெஷின்ல உக்காந்தா, அவ பக்கத்துல வந்து உக்காந்து என் சட்டை முனையப் பிடிச்சுக்கிடுவா. இந்தா, இந்த முனைதான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சுத் தேச்சுக்கிட்டே இருப்பா. "ஏங்க"ம்பா. "என்ன?"ம்பேன். "ஒண்ணுமில்ல"ம்பா. நாள் பூரா இதான் எங்க பேச்சு. என் மூஞ்சியத் தெரிஞ்சுதான் கூப்பிடுறான்னு நானும் இருந்துட்டேன்.

போன வாரம், தினம் போடுற இந்தச் சட்டையத் துவைச்சுக் காயப் போட்டுட்டு, ஒரு வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கடைக்கு வந்தேன். என்னயப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டா. மரியாதையா. "வாங்க சார், உக்காருங்க. டெய்லர் வெளிய போயிருக்காரு"ன்னா. விளையாடுறாளோன்னு பாத்தேன். இல்ல. முனையப் பிடிக்கக் கையை நீட்டுனா, வெள்ளைத் துணியத் தொட்டா, கையை இழுத்துக்கிட்டா. அந்நிய ஆம்பளைய யாரு தொடுவா? பெறகு கிட்ட வந்து மெதுவாச் சொல்றா: "துணி குடுக்க வந்தீகளா? பத்தலைம்பாரு. நம்பாதீக, பத்தும். ஆனா கோவிச்சுக்கிடாதீக சார், நல்ல மனுசன்தான். எடுத்து வச்ச துணியில ஒரு துண்டக்கூட வித்ததில்ல. சாக்குல போட்டு அப்பப்ப அவுத்துப் பாத்துக்கிடுவாரு, அம்புட்டுத்தான். அழகான துணின்னா அவருக்கு ஆசை."

என்னய என்கிட்டயே சொல்றா தம்பி. "ஆமாம்மா, கேள்விப்பட்டிருக்கேன்"னேன்.

கொஞ்ச நேரத்துல, "இவரு இன்னும் வரலையே, இவரு இன்னும் வரலையே"ன்னு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க ஆரம்பிச்சுட்டா. நான் கிட்டப் போனாப் பயப்படுறா. கனி வந்து பிடிச்சும் அடங்கல. நான் கொல்லைக்கு ஓடி, கொடியில கிடந்த சட்டைய ஈரத்தோட எடுத்து மாட்டிக்கிட்டு வந்து நின்னேன். தண்ணி சொட்டச் சொட்ட நிக்கிறேன். முனையப் பிடிச்சா. விரலால தேச்சா. "எங்க போனீக? பயந்தே போயிட்டேன்"னு என் நெஞ்சுல ஒரு அடி அடிச்சா.

அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு, அவளுக்கு நான்னா இந்தத் துணிதான்.

இப்ப இந்த முனையப் பாருங்க. தேஞ்சு தேஞ்சு எலி கடிச்ச சல்லடையாக் கிடக்கு. நாளைக்கோ மறுநாளோ பிஞ்சு அவ கையோட வந்துரும். வேற துணிய வச்சு ஒட்டுப் போட்டுப் பாத்தேன், தொட்டதும் கையை எடுத்துட்டா. முடிச்சு நெருடணும், அதே முடிச்சு. அவளே எடுத்துக் குடுத்த துணி, தீபாவளிக்கு. சாக்குல தேடுனேன். தலைகீழாக் கவுத்துத் தேடுனேன். ஊர்ப் பொம்பளைக துணியெல்லாம் கிடக்கு, என் துணியில ஒரு நூலு இல்ல. என் சட்டைக்கு வெட்டுறப்ப நெசமாவே துணி பத்தலை, தம்பி. சொன்னா யாரு நம்புறா? கனி சிரிக்கிறா.

வர்ற ஞாயித்துக்கிழமை தேன்மொழி வாரா.

இன்னைக்குப் புஷ்பத்தைக் கனி பாத்துக்கிடுறா. துணிய விடாம காவல் காக்குறா, சும்மா சொல்லக் கூடாது. நான் வெறுங்கையோட வண்டில ஏறுனேன். ஏறிப் பாத்தா, ஜன்னலோரத்துல நான் உக்காந்திருக்கேன். என் சட்டையப் போட்டுக்கிட்டு நீங்க.

விருதுநகர் வந்துருச்சு பாருங்க. இங்க வண்டி கொஞ்ச நேரம் நிக்கும், டிரைவர் டீ குடிக்க இறங்கிட்டாரு. என் பையில கத்தரி இருக்கு, ஊசி இருக்கு, இந்த நீலத்துக்கு ஒத்த நூலும் இருக்கு. சட்டைய நீங்க கழட்டக்கூட வேண்டாம், எந்திரிச்சு நின்னாப் போதும். நான்தான் மொதல்லயே சொன்னேன்ல, தச்சவன் நீளத்தைக் கூடப் போட்டுட்டான்னு. கீழ் மடிப்புல ஒரு கை அகலம் சும்மா தொங்குது. அதை எடுத்துட்டு மடிச்சு அடிச்சா உங்களுக்கும் சட்டை எடுப்பா இருக்கும், எனக்கும் ஒரு முனை கிடைக்கும். விரிப்புக்கு நடுவுல ஒரு கட்டம் வைக்கவும் வரும். நான் எங்கயாவது போனாலும் அவ மடியில இருப்பேன்ல.

என்ன தம்பி, சட்டையவே பாக்கிறீக? துணி பத்துமான்னா? இத்தனை வருசத் தொழில் மேல சத்தியமாச் சொல்றேன், பத்தும். தாராளமாப் பத்தும். மிச்சம் வந்தா, ஒரு நூலு விடாம உங்க கையிலயே குடுத்துருறேன்.